மாத்திரை போட்டும் இறங்காத இரத்தக் கொதிப்பு

நம் வணிகர்கள் இருவர் சந்தித்துக்கொண்டால், முன்பெல்லாம் துவரம்பருப்பு என்ன விலை, மிளகாய் வத்தல் வரத்து எப்படி என்றுதான் பேச்சுத் தொடங்கும். இப்போது ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் சந்தித்தால், "உங்களுக்கு பிரஷர் எவ்வளவு இருக்கிறது?" என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது. "மேலே நூற்றறுபது, கீழே நூறு. மூன்று மாத்திரை போடுகிறேன் அண்ணாச்சி, இறங்க மாட்டேன் என்கிறது" என்ற பதிலையும் அடிக்கடி கேட்கிறோம். சொல்பவர் சிரித்துக்கொண்டே சொல்கிறார். கேட்பவரும் "நமக்கும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்.

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை என்பதை நாம் சொந்த அனுபவத்தில் தெரிந்துகொண்டோம். அந்த அனுபவத்தையும், மருத்துவரிடம் கேட்டறிந்தவற்றையும் உறுப்பினர்களுக்குப் பயன்படும் என்று கருதி இங்கே எழுதுகிறோம். நாம் மருத்துவம் படித்தவர்கள் இல்லை. நாற்பது ஆண்டுகளாக உப்பு, புளி, பருப்பு மூட்டைகளோடு புழங்கியவர்கள். ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும், எதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொண்டால் போதும்.

நம் கதை

நமக்கு 58 வயதில் மூன்று வகை மாத்திரைகள் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுகள் ஆகியும் மேல் எண் 170ஐ விட்டு இறங்கவில்லை. மாத்திரை போலியாக இருக்குமோ என்று மருந்துக் கடையை மாற்றினோம். பிறகு மருத்துவரை மாற்றினோம். அதுவும் போதாதென்று மூன்றாவதாக ஒருவரிடம் போனோம். ஒவ்வொருவரிடமும் பழைய சீட்டை நீட்டினோமே தவிர, நம் அன்றாட நடப்பை யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நம் கடைக்கு நான்கு கடை தள்ளி வியாபாரம் செய்த நண்பர், ஒரு நாள் காலை ஷட்டரைத் தூக்கும்போதே சாய்ந்துவிட்டார். அவருக்கும் பல ஆண்டுகளாக இறங்காத கொதிப்பு இருந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் வலது கை விழுந்துவிட்டது. முப்பது ஆண்டுகள் சிட்டை எழுதிய கை அது. இன்றும் அவர் கடைக்கு வருகிறார். கல்லாவில் மகன் உட்கார்ந்திருக்க, பக்கத்து நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கிறார்.

அவரைப் பார்த்துவிட்டு வந்த வாரமே நாம் ஒரு பொது மருத்துவ நிபுணரிடம் போனோம். நான்காவது மாத்திரை எழுதுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் பேனாவையே எடுக்கவில்லை. அரை மணி நேரம் கேள்விகள் கேட்டார். "ஐயா, மாலையில் கல்லாவை எண்ணும்போது கணக்கு உதைத்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். சிட்டையை முதலிலிருந்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்ப்போம் என்றோம். "அதைத்தான் இப்போது செய்யப் போகிறோம்" என்றார். அந்த வரிசையிலேயே நாமும் சொல்கிறோம்.

எதைக் கட்டுப்படாத கொதிப்பு என்பது?

வெவ்வேறு வகையைச் சேர்ந்த மூன்று மருந்துகளை, அவற்றுள் ஒன்று சிறுநீரைப் பெருக்கி உப்பை வெளியேற்றும் மருந்தாக இருக்க, தாங்கக்கூடிய முழு அளவில் சாப்பிட்டும் இலக்குக்கு வரவில்லை என்றால் அதைக் கட்டுப்படாத கொதிப்பு என்கிறார்கள். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகளால்தான் அடங்கியிருக்கிறது என்றாலும் அதே வகைதான். இலக்கு என்பது பொதுவாக 140க்கு 90க்குக் கீழ்; பலருக்கு 130க்கு 80க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்று மருத்துவர்கள் விரும்புகிறார்கள்.

ஆனால் "எனக்கு இறங்கவில்லை" என்று வருபவர்களில் பலருக்கு உண்மையில் இந்த வகைக் கொதிப்பு இருப்பதில்லை. அளவெடுத்ததில் பிழை இருக்கும். மாத்திரை ஒழுங்காகப் போயிருக்காது. உப்போ வேறு மருந்தோ மாத்திரையின் வேலையைக் கெடுத்துக்கொண்டிருக்கும். இவற்றைத் தள்ளிவிட்டுப் பார்த்த பிறகும் மிஞ்சுவதுதான் உண்மையான பிடிவாதக் கொதிப்பு.

தராசு சரியா?

முதலில் அளவு. நம்மில் பலர் எப்படி அளவெடுக்கிறோம்? கடையைப் பையனிடம் விட்டுவிட்டு, வேகமாக நடந்து போய், வழியில் ஒரு டீயைக் குடித்துவிட்டு, கைபேசியில் லாரிக்காரரிடம் பேசிக்கொண்டே கையை நீட்டுகிறோம். அந்த எண் நம் அவசரத்தின் எண்ணாகத்தான் இருக்கும்.

சரியான முறை இது. அளவெடுப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து டீ, காபி, புகையிலை கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும். முதுகு சாய்ந்து, பாதங்கள் தரையில் பதிய, கால் மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். கை மேசைமேல், நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். பட்டையைச் சட்டைக்கு மேல் சுற்றக்கூடாது. அளவெடுக்கும்போது பேசக்கூடாது. பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் இல்லாத கொதிப்பையும் காட்டும். ஆகவே கைக்கேற்ற பட்டை வேண்டும். முதல் தடவை இரண்டு கைகளிலும் பார்த்து, எதில் அதிகமோ அந்தக் கையிலேயே தொடர்ந்து பார்க்க வேண்டும்.

மருத்துவரைக் கண்டாலே எகிறுகிற கொதிப்பும் உண்டு. ஆகவே வீட்டில் பார்ப்பது நல்லது. மணிக்கட்டில் கட்டும் கருவியைவிட மேல்கையில் கட்டும் கருவியே நம்பகமானது. ஏழு நாட்கள் காலையில் மாத்திரைக்கு முன்பும், இரவிலும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு தடவை பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். முதல் நாள் கணக்கைத் தள்ளிவிட்டு மற்ற ஆறு நாட்களுக்கும் சராசரி போட வேண்டும். வீட்டில் இந்தச் சராசரி 135க்கு 85ஐத் தாண்டினால் அதிகம் என்று பொருள். கடைத் தராசுக்கு உரிய காலத்தில் முத்திரை வைக்கிற நாம், இந்தக் கருவியையும் ஆண்டுக்கொரு தடவை மருத்துவரின் கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாத்திரை உள்ளே போகிறதா?

மருத்துவர் நம்மிடம், "போன மாதம் எத்தனை நாள் மாத்திரை போடவில்லை?" என்று கேட்டார். போட்டீர்களா என்று கேட்டிருந்தால் போட்டோம் என்று சொல்லியிருப்போம். எத்தனை நாள் போடவில்லை என்று கேட்டதால் உண்மை வந்துவிட்டது. வாரத்தில் மூன்று நாள் நமக்கு லோடு வரும். அந்த நாட்களில் சிறுநீர் பெருக்கும் மாத்திரையைப் போடுவதில்லை. மார்க்கெட்டில் சிறுநீர் கழிக்க ஒழுங்கான இடம் கிடையாது. பாதி லோடு இறங்கும்போது கடையை விட்டுப் போகவும் முடியாது. மூன்று மாத்திரைகளில் மிக முக்கியமான ஒன்றை வாரத்தில் பாதி நாள் விட்டுவிட்டு, இரண்டு ஆண்டுகள் மருந்துக் கடையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நேரத்தை மாற்றித் தந்திருப்பார்களே என்றார் மருத்துவர். பிரிட்டனில் இருபத்தோராயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வில், கொதிப்பு மாத்திரைகளைக் காலையில் போட்டாலும் இரவில் போட்டாலும் மாரடைப்பு, பக்கவாதத்தைத் தடுப்பதில் வேறுபாடு இல்லை என்று கண்டார்கள். ஆகவே மறக்காமல் போடக்கூடிய நேரம்தான் நல்ல நேரம். நமக்குச் சிறுநீர் பெருக்கும் மாத்திரையை லோடு வேலை முடிந்து வீட்டுக்கு வரும் நேரத்துக்கு மாற்றினார். விரதம், நோன்பு இருப்பவர்களும் தாமாக நிறுத்தாமல் இப்படிக் கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.

மாத்திரையை நிறுத்துவதற்கு வேறு காரணங்களும் உண்டு. அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலை வீங்கச் செய்யும். நாள் முழுவதும் கடையில் நின்றால் வீக்கம் இன்னும் தெரியும். எனலாப்ரில், ராமிப்ரில் சிலருக்கு ஓயாத வறட்டு இருமல் தரும்; மிளகாய் நெடி என்று நினைத்துக்கொண்டிருப்போம். இவற்றுக்கெல்லாம் மாற்று மருந்து இருக்கிறது. செலவுதான் காரணம் என்றால் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இம்மாத்திரைகளை இலவசமாகத் தருகிறார்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். 'கொதிப்பு இறங்கிவிட்டது, இனி எதற்கு' என்று நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. இறங்கியிருப்பது மாத்திரையினால்தான்.

உப்பு

இனி நம் சரக்குக்கு வருவோம். தூத்துக்குடி உப்பை மூட்டை மூட்டையாக வாங்கி விற்ற நாமே உப்பைக் குறைக்கச் சொல்கிறோமே என்று எண்ண வேண்டாம். கணக்கைப் பாருங்கள்.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்கு 20 கிராம், மாதத்துக்கு 600 கிராம். நம் கடைகளில் அப்படிப்பட்ட வீட்டுக்கு மாதத்துக்கு ஒரு கிலோ பாக்கெட்டாவது போகிறது. அதை நான்கு பேருக்கும் முப்பது நாளைக்கும் வகுத்தால் தலைக்கு 8 கிராமுக்கு மேல் வருகிறது. 2017-18இல் நாடு தழுவி நடந்த தொற்றா நோய்க் கணக்கெடுப்பிலும் இந்தியர் ஒருவர் சராசரியாக நாளொன்றுக்கு 8 கிராம் உப்பு சாப்பிடுவதாகவே தெரிந்தது. வீட்டில் வாங்கும் இந்தப் பாக்கெட் போக ஊறுகாய், அப்பளம், மிக்சர் கணக்கு தனி.

கடைக்காரர்களாகிய நம் சாப்பாட்டைப் பாருங்கள். காலையில் ஓட்டல் பொங்கல், சாம்பார். பதினொரு மணிக்கு வடையும் டீயும். மதியம் சோறு வடிக்கும்போதே உப்பு, குழம்பில் உப்பு, மோரில் உப்பு. தொட்டுக்கொள்ள ஊறுகாய், மோர் மிளகாய், அப்பளம், சில நாள் கருவாடு. மாலையில் காராச்சேவு. அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் இருக்கிறது. அப்பளக்காரம், சமையல் சோடா, அஜினோமோட்டோ மூன்றிலும் இருப்பது சோடியம்தான். நாக்குக்கு உப்புக் கரிக்காவிட்டாலும் உடம்பு கணக்கில் எழுதிக்கொள்ளும்.

பாக்கெட்டுகளின் பின்புறத்தில் சோடியம் இத்தனை மில்லிகிராம் என்று அச்சிட்டிருக்கும். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் ஒரு கிராம் உப்பு. நூறு கிராமுக்கு 800 மில்லிகிராம் என்று போட்ட மிக்சரில் 50 கிராம் சாப்பிட்டால் ஒரு கிராம் உப்பு உள்ளே போய்விட்டது; ஒரு நாள் அளவில் ஐந்தில் ஒரு பங்கு தீர்ந்தது.

பிடிவாதக் கொதிப்பு உள்ளவர்களுக்கு உப்பு மற்றவர்களைவிட அதிகமாகத் தாக்குகிறது. உடம்பு உப்பையும் அதோடு தண்ணீரையும் பிடித்துவைத்துக்கொள்வதால், டெல்மிசார்ட்டான், எனலாப்ரில் போன்ற மாத்திரைகள் பாதி வேலைகூடச் செய்ய முடியாமல் நிற்கின்றன. அமெரிக்காவில் இப்படிப்பட்ட 12 நோயாளிகளை வைத்து நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், அதிக உப்பு உண்ட வாரத்தைவிடக் குறைந்த உப்பு உண்ட வாரத்தில் மேல் எண் சுமார் 22 புள்ளிகள் குறைவாக இருந்தது. பன்னிரண்டு பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் மாத்திரைகளுக்கு அசையாத கொதிப்பு உப்புக்கு அவ்வளவு அசைந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் வீட்டில் செய்தது இவ்வளவுதான். சோற்றில் உப்புப் போடுவதை நிறுத்தினோம். ஊறுகாய்ச் சாடி மேசையிலிருந்து அலமாரிக்குப் போனது. குழம்பில் உப்பைக் குறைத்துப் புளியும் மிளகும் சீரகமும் சற்றுக் கூடின. முதல் இரண்டு வாரம் வாய்க்கு விளங்கவில்லை; வீட்டம்மாவிடம் கோபித்துக்கொண்டதும் உண்டு. மூன்றாவது வாரத்தில் ஓட்டல் சாம்பார்தான் கரித்தது.

இந்துப்பும் 'பிரஷர் உப்பும்'

இங்கே நம் தொழில் தொடர்பாக ஒரு செய்தியை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் வந்து, "பிரஷருக்கு நல்ல உப்புக் கொடுங்க அண்ணாச்சி" என்று கேட்டால் நம்மில் பலர் இந்துப்பை எடுத்துக் கொடுக்கிறோம். நாமும் அப்படிச் சொல்லி விற்றிருக்கிறோம். அது தவறு. இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். நிறமும் விலையும் வேறு. கொதிப்புக்கு அதனால் தனி நன்மை இல்லை. பலவற்றில் அயோடினும் இருப்பதில்லை. கல் உப்புக்கும் இதே கணக்குத்தான்.

சோடியம் குறைந்த உப்பு என்று தனியாக வருவது வேறு சரக்கு. அதில் சோடியம் குளோரைடின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கிறார்கள். சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21 ஆயிரம் பேரிடம் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும், வீட்டில் உப்புப் பயன்படுத்தும் பெரியவர்கள் இவ்வகை உப்புக்கு மாறலாம் என்று பரிந்துரைத்தது.

ஆனால் இந்தப் பரிந்துரை சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், குழந்தைகளுக்கும் பொருந்தாது. டெல்மிசார்ட்டான், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மருந்துகள் சாப்பிடுபவர்களுக்கு உடம்பில் ஏற்கெனவே பொட்டாசியம் தங்கும். அதன் மேல் இந்த உப்பும் சேர்ந்தால் பொட்டாசியம் அளவு மீறி இதயத் துடிப்பே தடுமாறலாம். ஆக, இந்த உப்பைத் தேடி வருகிற கொதிப்பு நோயாளிகளிலேயே பலருக்கு இது ஆபத்தாகலாம். "டாக்டரிடம் கேட்டீர்களா? கிட்னி சோதனை பார்த்தீர்களா?" என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டுப் பாக்கெட்டை எடுப்பது நம் கடமை. ஒரு பாக்கெட் விற்காமல் போனால் பரவாயில்லை.

மாத்திரையைக் கெடுக்கும் மாத்திரை

மூட்டை தூக்கிய உடம்புக்கு முட்டிவலியும் இடுப்புவலியும் சொந்தம். நாம் வலி வந்தபோதெல்லாம் மருந்துக் கடையில் கேட்டு டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தோம். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகள் உப்பை உடம்பில் தங்கவைத்துக் கொதிப்பை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். மூக்கடைப்புக்கான சளி மாத்திரைகள் சில, ஸ்டீராய்டுகள், பெண்களுக்கான கருத்தடை மாத்திரைகள் ஆகியவையும் கொதிப்பைக் கூட்டும். தண்ணீரில் போட்டால் நுரைக்கும் வில்லைகளிலும் வயிற்றுப் பொடிகளிலும் சோடியம் நிறைய இருக்கிறது.

நாட்டு மருந்துச் சரக்கு விற்பவர்கள் அதிமதுரத்தைக் கவனிக்க வேண்டும். தொண்டைக்கு ஒரு துண்டு அடக்கிக்கொள்வது வேறு. நாள்தோறும் கஷாயமாகவோ பொடியாகவோ சாப்பிட்டால் அது பொட்டாசியத்தை இறக்கிக் கொதிப்பை ஏற்றும். வேர்தானே, என்ன செய்துவிடும் என்று நினைக்கக்கூடாது. வேருக்கு வலு உண்டு என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. சர்ப்பகந்தா வேர் கொதிப்பை இறக்குகிறது என்று பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 1949இல் 'பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்' என்ற இதழில் எழுதினார். பிறகு அதிலிருந்து ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்து உலகமே பயன்படுத்தியது. ஒரு வேரால் இறக்க முடியும் என்றால் இன்னொரு வேரால் ஏற்றவும் முடியும். சாப்பிடுவது எதுவானாலும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

குறட்டை, மது, புகையிலை

"இரவில் குறட்டை விடுவீர்களா?" என்று மருத்துவர் கேட்டபோது நாம் இல்லை என்றோம். கூட வந்த வீட்டம்மா சிரித்துவிட்டார். பலமாகக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று, திணறி விழித்து, மறுநாள் மதியம் கல்லாவிலேயே தூங்கி விழுபவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சடைப்பு நோய் இருக்கலாம். கட்டுப்படாத கொதிப்பு உள்ளவர்களிடம் இது மிகச் சாதாரணம். ஓரிரவு தூக்கப் பரிசோதனையில் தெரிந்துவிடும். எடையைக் குறைப்பதும், மூச்சுப் பாதையைக் காற்றழுத்தத்தால் திறந்து வைக்கும் கருவியும் இதற்கு மருத்துவம். எடை ஒரு கிலோ குறைந்தால் கொதிப்பு ஏறத்தாழ ஒரு புள்ளி இறங்கும். உட்கார்ந்தே வியாபாரம் செய்பவர்கள் நாளைக்கு அரை மணி நேரம் நடந்தாலே நன்மை உண்டு.

மதுவும் கொதிப்பை ஏற்றும். புகையும் வாயில் அடக்கும் புகையிலையும் அந்தந்த நேரத்துக்குக் கொதிப்பை உயர்த்துவதோடு இரத்தக் குழாய்களையும் கெடுக்கின்றன.

உள்ளே இருக்கும் காரணங்கள்

இவ்வளவும் சரி பார்த்த பிறகும் இறங்கவில்லை என்றால்தான் உடம்புக்குள்ளே வேறு காரணம் இருக்கிறதா என்று தேட வேண்டும். சிறுநீரகக் கோளாறு, சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தக் குழாய் சுருங்குதல், தைராய்டுக் கோளாறு போன்றவை இருக்கலாம். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் இருக்கும் அட்ரினல் சுரப்பி அல்டோஸ்டிரோன் என்ற சுரப்பை அளவுக்கு மீறிச் சுரந்தாலும் உப்பு தங்கிக் கொதிப்பு அடங்காது. இதை அமெரிக்க மருத்துவர் ஜெரோம் கான் 1955இல் விவரித்தார். அரிய நோய் என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். இப்போது பார்த்தால், பிடிவாதக் கொதிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வரை இது இருக்கிறது என்கிறார்கள். இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். சிலருக்கு அறுவைச் சிகிச்சையால் பெரிதும் குணமாகிறது. முப்பது வயதுக்குள்ளேயே கடுமையான கொதிப்பு வந்தவர்களும், பொட்டாசியம் குறைந்திருப்பவர்களும் இந்தச் சோதனையைப் பற்றி அவசியம் கேட்க வேண்டும்.

நான்காவது மாத்திரை

இதற்குப் பிறகும் வேண்டியிருந்தால் நான்காவது மாத்திரைக்கு அஞ்ச வேண்டாம். சிறுநீர் பெருக்கும் மருந்தையே குளோர்தாலிடோன் போல நீண்ட நேரம் வேலை செய்யும் வகைக்கு மாற்றிப் பார்ப்பார்கள். அடுத்து ஸ்பைரோனோலாக்டோனைச் சேர்ப்பார்கள். மூன்று மருந்துகளுக்கும் அடங்காதவர்களுக்கு, ஒப்பிட்டுப் பார்த்த மற்ற மருந்துகளைவிட இதுவே நன்றாக வேலை செய்கிறது என்று பிரிட்டனில் நடந்து 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. விலையும் குறைவு. ஆனால் பொட்டாசியத்தையும் சிறுநீரகத்தையும் இரத்தச் சோதனையால் அவ்வப்போது பார்க்க வேண்டும். ஆண்கள் சிலருக்கு மார்பு வீங்கி வலிக்கும். கூச்சப்படாமல் சொன்னால் மாற்றிக் கொடுப்பார்கள். சிறுநீரக நரம்புகளைச் சூட்டால் செயலிழக்கச் செய்யும் சிகிச்சைக்கும் 2023இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதெல்லாம் கடைசிப் படி.

1945இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் மூளையில் இரத்தக் கசிவால் இறந்த நாளில் அவருடைய கொதிப்பு 300க்கு 190 என்று அவருடைய மருத்துவர் குறித்திருந்தார். ஒரு நாட்டின் அதிபருக்கே அன்று கொடுக்க உருப்படியான மருந்து இல்லை. இன்று நம் ஊர் மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது.

உடனே ஓட வேண்டிய நேரம்

180க்கு 120 என்ற அளவைத் தொட்டு, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், கடுமையான தலைவலி இவற்றில் ஏதாவது இருந்தால் உடனே 108ஐ அழைக்க வேண்டும். முகம் ஒரு பக்கம் கோணினால், கை கால் சோர்ந்தால், பேச்சுக் குழறினால் கருவியைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கடையை அடைத்துவிட்டுப் போகலாம் என்று காத்திருந்தால் அந்த நேரம் போய்விடும். எந்த அறிகுறியும் இல்லாமல் எண் மட்டும் கூடியிருந்தால், உட்கார்ந்து இளைப்பாறி மறுபடி பார்த்து, அன்றே மருத்துவரிடம் பேச வேண்டும். பதறிப்போய் இரண்டு மாத்திரையைச் சேர்த்துப் போடுவதும், நாக்குக்கு அடியில் மாத்திரை வைப்பதும் கொதிப்பைத் திடீரென்று வீழ்த்தி ஆபத்தை உண்டாக்கும்.

முடிவாக

நமக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நான்காவது மாத்திரை தேவைப்படவில்லை. அதே மூன்று மாத்திரைகளை ஒழுங்காகப் போட்டு, வலி மாத்திரையை விட்டு, உப்பைக் குறைத்ததில் மூன்று மாதத்தில் மேல் எண் 170இலிருந்து 140க்கு வந்தது. ஏழு கிலோ எடை குறைந்தபின் வீட்டுச் சராசரி 130ஐ ஒட்டி நிற்கிறது. திருமண சீசனில் விருந்துச் சாப்பாடு தொடர்ந்தால் மறுபடி ஏறுகிறது, குறிப்பேடு காட்டிக்கொடுத்துவிடுகிறது. அப்போது மறுபடி சரிசெய்துகொள்கிறோம்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். சங்க அலுவலகத்தில் மேல்கையில் கட்டும் கருவி ஒன்றும், பெரிய பட்டை ஒன்றும், ஒரு நாற்காலியும், ஒரு குறிப்பேடும் வைக்கலாம். உறுப்பினர்கள் மட்டுமின்றி, கடைப் பணியாளர்களும் சுமை தூக்கும் தொழிலாளர்களும் பார்த்துக்கொள்ளட்டும். மார்க்கெட்டில் ஒழுங்கான கழிப்பிடம் வேண்டும் என்று நாம் கொடுத்துவரும் மனுவிலும் இந்தக் காரணத்தைச் சேர்த்து எழுதலாம்.

"மூன்று மாத்திரை போட்டும் இறங்கவில்லை" என்று இனி யாராவது சொன்னால், நமக்கும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். "எப்படி அளந்தீர்கள்? எத்தனை நாள் விட்டீர்கள்? வலி மாத்திரை போடுகிறீர்களா?" என்று கேளுங்கள். நம் நண்பரிடம் நாம் அப்படி ஒரு நாளும் கேட்டதில்லை.